ரோமப் பேரரசர் வழிபாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமப் பேரரசர்கள் தங்களைக் கடவுள் என்று அறிவித்துக்கொண்டார்கள், மக்கள் பயந்து கும்பிட்டார்கள் என்ற ஒற்றை வரியோடு பல பாடநூல்கள் இதைக் கடந்துவிடுகின்றன. கல்வெட்டுகளும் நாணயங்களும் பாப்பிரஸ் ஏடுகளும் காட்டுவது வேறு. கௌரவத்தை யார் முன்வந்து கொடுத்தார்கள், பேரரசர் எதை ஏற்றார், எதைத் தள்ளினார், செலவு யார் தலையில் விழுந்தது என்பவற்றைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

உயிரோடு இருந்த பேரரசரைக் கடவுளாகக் கும்பிட்டார்களா?

இடத்தைப் பொறுத்தது. ரோம் நகரில், அரசின் அதிகாரபூர்வச் சடங்குகளில், பொதுவாக இல்லை. அங்கே இறந்த பிறகே, அதுவும் செனட் சபை தீர்மானம் நிறைவேற்றினால் மட்டுமே, ஒருவர் 'டிவுஸ்' ஆனார். தெய்வநிலை பெற்ற மனிதருக்கு உரிய பட்டம் அது. கிரேக்க மொழி பேசிய கிழக்கு மாகாணங்களில் உயிரோடிருந்த பேரரசருக்கே கோயில், பூசகர், திருவிழா எல்லாம் இருந்தன. அலெக்சாண்டருக்குப் பின் வந்த அரசர்களுக்கு அந்த நகரங்கள் மூன்று நூற்றாண்டுகளாகச் செய்துவந்ததை ரோமருக்கும் தொடர்ந்தன. மேற்கு மாகாணங்களில் பல இடங்களில் ரோமே முன்னின்று பலிபீடம் அமைத்தது. இத்தாலியச் சிறு நகரங்களில் உயிரோடிருந்த முதல் பேரரசர் அகஸ்டஸுக்கே பூசகர்கள் இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. ஆகவே பேரரசு முழுவதற்கும் ஒரே விதி என்று எதுவும் இருந்ததில்லை.

முதலில் தெய்வநிலை பெற்றவர் யார்?

ஜூலியஸ் சீசர். கி.மு. 44 மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் அவர் நினைவாக விளையாட்டுகள் நடந்தபோது வானில் வால்நட்சத்திரம் தெரிந்தது. அது சீசரின் ஆன்மா என்ற பேச்சு பரவியது. கி.மு. 42 தொடக்கத்தில் செனட் அவருக்கு முறைப்படி தெய்வநிலை அளித்தது. ரோம் மன்றத்தில் (ஃபோரம் என்ற நகர மையப் பொதுத்திடல்), அவர் உடல் எரிந்த இடத்தில் எழுந்த கோயில் கி.மு. 29 ஆகஸ்ட் 18 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அதன் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம்.

இதில் ஆதாயம் பெற்றவர் வளர்ப்பு மகன் ஆக்டேவியன், அதாவது பிற்கால அகஸ்டஸ். 'டிவி ஃபிலியுஸ்', தெய்வமானவரின் மகன், என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தான் தெய்வம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலேயே தெய்வத்தின் வாரிசு ஆகிவிட்டார். அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு வாரிசுகள் பலரும் இதையே பின்பற்றினார்கள். முன்னவரைத் தெய்வமாக்குவது பின்னவரின் உரிமையை உறுதிசெய்தது.

இறந்த பேரரசரைத் தெய்வமாக்கும் நடைமுறை எப்படி இருந்தது?

அகஸ்டஸ் கி.பி. 14 ஆகஸ்ட் 19 அன்று நோலாவில் இறந்தார். உடல் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டு மார்ஸ் திடலில் எரியூட்டப்பட்டது. அவர் வானேறியதைக் கண்ணால் கண்டதாக நுமேரியுஸ் அட்டிகுஸ் என்ற முன்னாள் பிரேட்டர் (நீதிப் பொறுப்புள்ள உயர் அதிகாரி) சத்தியம் செய்தார். அவருக்கு அகஸ்டஸின் மனைவி லிவியா பத்து லட்சம் செஸ்டர்ஸ் காசு கொடுத்ததாக வரலாற்றாசிரியர் காசியுஸ் டியோ எழுதுகிறார். செப்டம்பர் 17 அன்று செனட் தீர்மானம் நிறைவேறியது. பிறகு வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கோயில் கட்ட ஆணை போனது. அடுத்த பேரரசர் டைபீரியஸின் வளர்ப்பு மகன் ஜெர்மானிகுஸ் தனிப் பூசகராக (ஃப்ளாமென்) நியமிக்கப்பட்டார், லிவியா பூசகி ஆனார். முதன்மைக் குடும்பங்களிலிருந்து சீட்டுக் குலுக்கி 21 பேரைத் தேர்ந்து 'சோடாலேஸ் அகுஸ்டாலேஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். அதில் டைபீரியஸ், அவர் மகன் டுருசுஸ், பிற்காலப் பேரரசர் கிளாடியஸ், ஜெர்மானிகுஸ் நால்வரும் கூடுதலாகச் சேர்ந்தார்கள்.

பிற்காலத்தில் சத்தியம் செய்யும் சாட்சி மறைந்து, எரியூட்டும் சடங்கு பெரிதாகியது. கி.பி. 211-இல் யார்க் நகரில் இறந்த செப்டிமியுஸ் செவெருஸுக்கு ரோமில் நடந்ததை வரலாற்றாசிரியர் ஹெரோடியன் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அஸ்தி வைக்கப்பட்ட பின், நோயாளி போல வெளிறிய மெழுகு உருவம் ஒன்றைச் செய்து, அரண்மனை வாசலில் உயரமான தந்தக் கட்டிலில் கிடத்தினார்கள். இடப்புறம் கருப்பு உடையில் செனட்டர்கள், வலப்புறம் நகையின்றி வெள்ளை உடையில் உயர்குடிப் பெண்கள். ஏழு நாள் தினமும் மருத்துவர்கள் வந்து உருவத்தைப் பரிசோதித்து, நிலைமை மோசமாகிறது என்று சொல்வார்கள். ஏழாம் நாள் இறந்துவிட்டதாக அறிவிப்பு. இளம் செனட்டர்களும் குதிரைவீரர் வகுப்பினரும் (செனட்டர்களுக்கு அடுத்த செல்வந்தர் நிலை) கட்டிலைப் புனித வீதி வழியாக மன்றத்துக்கும், அங்கிருந்து மார்ஸ் திடலுக்கும் சுமந்தார்கள். அங்கே மரத்தால் கட்டிய சதுர அடுக்குகள், மேலே போகப் போகச் சிறுத்து, கலங்கரை விளக்கம் போல நின்றன. உள்ளே சுள்ளி, வெளியே பொன்னிழைத் துணி, தந்தச் சிற்பம், ஓவியம். இரண்டாம் அடுக்கில் கட்டிலை வைத்து நறுமணப் பொருள்களைக் குவித்தார்கள். குதிரைவீரர்கள் சுற்றிவர, வாரிசு முதல் தீப்பந்தத்தை வைத்தார். உச்சியிலிருந்து ஒரு கழுகைப் பறக்கவிட்டார்கள். ஆன்மாவை வானுக்குக் கொண்டுபோவது அந்தக் கழுகுதான். அன்று முதல் அவருக்கு மற்றத் தெய்வங்களோடு வழிபாடு.

தெய்வமானவருக்கு ஒரு இழப்பும் உண்டு. ரோமக் குடும்பங்கள் இறுதி ஊர்வலத்தில் முன்னோரின் முகமூடிகளைச் சுமப்பது வழக்கம். சீசரின் உருவம் அதில் வரக்கூடாது என்று தடை இருந்தது. மனிதர் வரிசையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள் என்பதே காரணம்.

எல்லாப் பேரரசர்களுக்கும் இது கிடைத்ததா?

இல்லை. டைபீரியஸ், கலிகுலா, நீரோ, டொமிஷியன் ஆகியோருக்குக் கிடைக்கவில்லை. கி.பி. 138-இல் ஹேட்ரியன் இறந்தபோது செனட் முரண்டு பிடித்தது. அவர் ஆட்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் செனட்டர்கள் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. வாரிசு அன்டோனினுஸ் விடாமல் வற்புறுத்தித் தீர்மானத்தைப் பெற்றார். 'பையுஸ்', அதாவது கடமை தவறாதவர், என்ற அடைமொழி அவருக்கு வந்ததற்கு ஒரு காரணமாக இதையும் சொல்கிறார்கள். செனட்டின் வாக்கு வெறும் முத்திரை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆட்சியை முடித்தவருக்கு வழங்கப்படும் மதிப்பீடாகவே அதைச் செனட்டர்கள் நடத்தினார்கள்.

பெண்களும் தெய்வநிலை பெற்றார்கள். முதலாவது கலிகுலாவின் தங்கை டுருசில்லா, கி.பி. 38. லிவியா கி.பி. 29-இல் இறந்தும், 42-இல் பேரன் கிளாடியஸ் ஆட்சியில்தான் அது நடந்தது. மகன் டைபீரியஸ் ஒப்பவில்லை. அன்டோனினுஸின் மனைவி ஃபௌஸ்டினா 140-இல் இறந்தார். அவருக்கு மன்றத்தில் கட்டிய கோயில் பிற்காலத்தில் தேவாலயமாக மாறியதால் இன்றும் தூண்களோடு நிற்கிறது. 161-இல் கணவரும் இறந்தபோது கோயில் முகப்புக் கல்வெட்டில் அவர் பெயரை மேல்வரியாகச் சேர்த்தார்கள். இரண்டு வரிகளும் இரண்டு காலம் என்பது தெரிந்து பார்த்தால் அந்த முகப்பு இன்னும் நன்றாகப் புரியும்.

ரோம் நகரில் உயிரோடிருந்த பேரரசருக்கு எந்த வழிபாடும் இல்லையா?

இருந்தது, சுற்றுவழியில். ஒவ்வொரு ரோமக் குடும்பத் தலைவருக்கும் 'கெனியுஸ்' என்ற உடன்பிறந்த காவல் ஆற்றல் உண்டு என்பது நம்பிக்கை. வீட்டார் அதற்குப் படையல் வைப்பார்கள். கி.மு. 30-இல் விருந்துகளில் ஆக்டேவியனுக்குப் படையலாக மது ஊற்ற வேண்டும் என்று செனட் முடிவெடுத்தது. கி.மு. 7-இல் அகஸ்டஸ் ரோமை 14 வட்டாரங்களாகப் பிரித்து, தெருச்சந்திச் சிறுகோயில்களைச் சீரமைத்தார். மூத்த பிளினி கணக்குப்படி அவை 265. அந்தச் சந்திகளில் முன்பே இருந்த காவல் தெய்வங்களான லாரெஸ் இருவரும் இப்போது 'அகஸ்டஸின் லாரெஸ்' ஆனார்கள். இருவருக்கும் நடுவே அகஸ்டஸின் கெனியுஸ் இடம்பெற்றது. ஒவ்வொரு பேட்டைக்கும் ஆண்டுக்கு நான்கு பொறுப்பாளர்கள். பெரும்பாலும் அவர்கள் விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள். விழா நாளில் மட்டும் அதிகாரிகளுக்குரிய கரைபோட்ட மேலாடையும் இரண்டு காவல் ஏவலர்களும் அவர்களுக்கு உண்டு. அகஸ்டஸ் செய்தவற்றில் அரசியல் ரீதியாக மிகக் கூர்மையானது இதுதான் என்பது எங்கள் கருத்து. எந்தப் பதவியும் எட்டாத மனிதருக்குத் தன் தெருவில் பதவி கிடைத்தது. அதைக் கொடுத்தவர் பெயர் பீடத்திலேயே இருந்தது.

பலி எப்படி நடந்தது? எந்தக் கட்டத்தில் என்ன தவறு வரலாம்?

முதலில் விலங்கு. 12 பேர் கொண்ட ஆர்வல் சகோதரர் குழு தன் சடங்குகளைப் பளிங்கில் பொறித்து வைத்ததால் விவரம் துல்லியமாகத் தெரிகிறது. தெய்வமான பேரரசருக்குக் காயடித்த எருது, தெய்வமான அரசிக்குப் பசு, உயிரோடிருக்கும் பேரரசரின் கெனியுஸுக்குக் காயடிக்காத காளை. விலங்கைப் பார்த்தே பெறுபவரின் நிலையைச் சொல்லிவிடலாம்.

சடங்குக்குத் தலைமை தாங்குபவர் மேலாடையால் தலையை மூடிக்கொள்வார். சிறு கணப்பில் குந்திரிக்கமும் மதுவும் இட்டு தெய்வத்தை அழைப்பார். குழலூதுபவர் தொடர்ந்து ஊதிக்கொண்டிருப்பார், அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழாமல் இருப்பதற்காக. பிறகு வெஸ்டா தேவியின் பூசகிகளான வெஸ்டல் கன்னியர் தயாரித்த உப்பு கலந்த மாவை விலங்கின் மேல் தூவி, நெற்றியில் மது ஊற்றி, கத்தியை முதுகுத்தண்டின் மேல் ஓட்டுவார். அத்தோடு விலங்கு தெய்வத்துக்கு உரியதாகிவிடும். வெட்டுவது அவர் வேலையல்ல. ஒரு பணியாளர் சுத்தியலாலோ கோடரியாலோ அடித்து வீழ்த்த, இன்னொருவர் கழுத்தை அறுப்பார்.

அடுத்து உள்ளுறுப்புகளைப் பார்ப்பது: கல்லீரல், பித்தப்பை, நுரையீரல், இதயம், குடல்மூடி. இங்கேதான் அடிக்கடி சிக்கல். ஈரலில் ஏதாவது குறை இருந்தால் தெய்வம் ஏற்கவில்லை என்று பொருள். இன்னொரு விலங்கைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். விலங்கு திமிறி ஓடினாலும் சடங்கு கெட்டது. மந்திரத்தில் பிழை வந்தாலோ ஒரு படி விட்டுப்போனாலோ பரிகாரப் பலி தனி. எல்லாம் சரியாக இருந்தால் உள்ளுறுப்புகளைச் சமைத்து (மாடு என்றால் வேகவைத்து) பீடத்தில் எரிப்பார்கள். மீதி இறைச்சி மனிதருக்கு.

கிழக்கில் எளிய முறைகளும் இருந்தன. பெர்கமோனில் அகஸ்டஸுக்குப் பாடும் பாடகர் குழுவின் கல்வெட்டு பணியாரம், குந்திரிக்கம், விளக்கு என்று படையலைப் பட்டியலிடுகிறது. அவர் பிறந்தநாளை ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, மாதந்தோறும் கொண்டாடினார்கள்.

ஒரு மாகாணம் பேரரசருக்குக் கோயில் கட்ட விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

அனுமதி கேட்க வேண்டும். மாகாண நகரங்களின் பொதுப் பேரவை தீர்மானம் போட்டுத் தூதுவரை ரோமுக்கு அனுப்பும். பேரரசரும் செனட்டும் முடிவு சொல்வார்கள். கி.மு. 29-இல் அகஸ்டஸ் வகுத்த வழி மாதிரியானது. ஆசியா மாகாணத்துக் (இன்றைய மேற்குத் துருக்கி) கிரேக்கர் பெர்கமோனிலும், பித்தினியா மாகாணத்தார் நிகோமீடியாவிலும் அவருக்குக் கோயில் எழுப்பலாம். ரோம் நகரின் உருவமான ரோமா தேவியும் உடனிருந்தாள். அங்கே வாழும் ரோமக் குடிமக்கள் எபேசுவிலும் நிகேயாவிலும் ரோமாவுக்கும் இறந்த சீசருக்கும் மட்டும் வழிபாடு செய்யலாம். ஒரே மாகாணத்தில் இரண்டு சட்டம், குடியுரிமையைப் பொறுத்து.

அனுமதி கிடைத்த பிறகு எந்த நகரில் கட்டுவது என்ற சண்டை வரும். டைபீரியஸுக்கு ஆசியா மாகாணம் கட்டவிருந்த கோயிலுக்காக கி.பி. 26-இல் 11 நகரங்கள் செனட்டின் முன் நின்றன. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விவரம் தருகிறார். ஹிபைபா, டிரல்லெஸ், லவோதிக்கேயா, மக்னீசியா ஆகியவை தகுதி போதாதவை என்று முதலிலேயே கழிந்தன. டிராய்க்குப் பழம்பெருமை தவிர வேறில்லை. ஹலிகர்னாசுஸ் 1,200 ஆண்டுகளாக எங்களுக்கு நிலநடுக்கமே வந்ததில்லை, அஸ்திவாரம் பாறையில் நிற்கும் என்றது. பெர்கமோனில் ஏற்கெனவே அகஸ்டஸ் கோயில் இருந்தது. எபேசு ஆர்ட்டெமிஸுக்கும் மிலேத்துஸ் அப்போலோவுக்கும் செய்யும் வழிபாடே போதும் என்றார்கள். கடைசியில் சர்தையும் சிமிர்னாவும் மோதி, சிமிர்னா வென்றது. பிற்காலத்தில் இப்படிக் கோயில் பெற்ற நகரங்கள் 'நியோகோரோஸ்', கோயில் காப்பாளர், என்று பட்டம் போட்டுக்கொண்டன. எபேசு 'இருமுறை காப்பாளர்' என்று நாணயத்தில் பெருமை பேசியது.

கோயில் பெற்றவர் கவிழ்ந்தால்? எபேசுவில் டொமிஷியன் காலத்தில் ஒரு பெருங்கோயில் எழுந்தது. கி.பி. 96-இல் அவர் கொல்லப்பட்டு நினைவு அழிக்கப்பட்டபோது, கல்வெட்டுகளில் அவர் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். கோயிலோ பட்டமோ போகவில்லை. வழிபாடு அவர் குடும்பத்துப் பெயரில், வெஸ்பாசியனை முன்வைத்துத் தொடர்ந்தது.

பேரரசர்களே சில கௌரவங்களை மறுத்தார்கள் என்பது உண்மையா? ஏன் மறுத்தார்கள்?

உண்மைதான். கி.பி. 25-இல் தென் ஸ்பெயின் மாகாணம் தனக்கும் தாய்க்கும் கோயில் கட்டக் கேட்டபோது, நானும் மனிதனே என்று சொல்லி டைபீரியஸ் மறுத்தார். கி.பி. 41-இல் அலெக்சாந்திரியா மக்களுக்கு எழுதிய கடிதத்தில் கிளாடியஸ் சிலைகளையும் பிறந்தநாள் விழாவையும் ஏற்று, தலைமைப் பூசகர் நியமனத்தையும் கோயிலையும் தள்ளினார். அவை தெய்வங்களுக்கே உரியவை என்றார். அந்தக் கடிதத்தின் பாப்பிரஸ் பிரதி கிடைத்திருக்கிறது.

அடக்கம் மட்டும் காரணமல்ல. பேரரசர் செனட்டர்களோடு சமமானவராகத் தோன்றியே ஆள வேண்டியிருந்தது. ரோமில் கேட்கும் காதுகளுக்காகவே பல மறுப்புகள் எழுதப்பட்டன. மறுக்கப்பட்ட நகரங்கள் பெரும்பாலும் சளைக்கவில்லை. கிளாடியஸின் கடிதத்தை வெளியிட்ட எகிப்தின் ஆளுநரே, தன் அறிவிப்பில் பேரரசரை 'நம் தெய்வம் சீசர்' என்று குறிப்பிட்டார்.

எந்தெந்த நாட்களில் விழா?

மூன்று ஆவணங்கள் இதற்கு மிகவும் உதவுகின்றன.

கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) நார்போ நகரின் பலிபீடக் கல்வெட்டு முதலாவது. அகஸ்டஸின் பிறந்தநாளான செப்டம்பர் 23 அன்று, குதிரைவீரர் வகுப்பில் மூவரும் விடுதலை பெற்றவரில் மூவரும் ஆளுக்கொரு விலங்கைப் பலியிட்டு, ஊராருக்கும் குடியேறியோருக்கும் தங்கள் செலவில் குந்திரிக்கமும் மதுவும் கொடுக்க வேண்டும். ஜனவரி 7, அவர் அதிகாரம் ஏற்ற நாள், அன்றும் பலி உண்டு. செப்டம்பர் 24, ஜனவரி 1 ஆகிய நாட்களில் குந்திரிக்கமும் மதுவும் மட்டும்.

கிரேக்கத்தின் கித்தியோன் ஊர் கி.பி. 15 வாக்கில் வகுத்த விழாவில் நாளுக்கொருவர்: அகஸ்டஸ், டைபீரியஸ், லிவியா, ஜெர்மானிகுஸ், டுருசுஸ். ஆறாம் நாள், இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்த ரோமத் தளபதி ஃப்ளாமினினுஸுக்கு. பழைய நன்றியையும் புதிய பணிவையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாடகம் தொடங்கும் முன் அரங்கில் ஓவியப் படங்களின் முன்னே குந்திரிக்கம் இட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

மூன்றாவது, சிரியாவின் டுரா-எவ்ரோபோஸ் கோட்டையில் கிடைத்த படைப்பிரிவு நாட்காட்டி, கி.பி. 220-களைச் சேர்ந்தது. ஜூலை 12 சீசருக்கு எருது. செப்டம்பர் 18 டிராஜனுக்கு எருது. செப்டம்பர் 23 அகஸ்டஸுக்கு எருது. மே 24 அன்று ஜெர்மானிகுஸின் பிறந்தநாள் வேண்டுதல். ஜெர்மானிகுஸ் பேரரசரே ஆனதில்லை, இறந்து இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. எல்லைக் கோட்டை வீரர்கள் அப்போதும் அவரை விடவில்லை.

ஆசியா மாகாணம் இன்னும் மேலே போனது. கி.மு. 9-இல் ஆளுநர் பவுல்லுஸ் ஃபாபியுஸ் மாக்சிமுஸ் யோசனைப்படி, புத்தாண்டையே செப்டம்பர் 23-க்கு மாற்றிக்கொண்டது.

பூசகர்கள் யார்? செலவு யாருடையது?

தொழில்முறைக் குருமார் அல்ல. ஊர்ப் பெரிய மனிதர்கள். பெரும்பாலும் சொந்தப் பணம். அங்காரா கோயில் சுவரில் உள்ள கலாத்தியப் பூசகர் பட்டியல், ஒவ்வொருவரும் என்ன கொடுத்தார் என்று வரிசையாகச் சொல்கிறது: பொதுவிருந்து, கிளாடியேட்டர் மோதல், காளை வேட்டை, உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாதக்கணக்கில் எண்ணெய். பதவியின் பயன் அடுத்த தலைமுறைக்குப் போனது. மகன் ரோமக் குடியுரிமை, பிறகு குதிரைவீரர் வகுப்பு, பேரன் செனட் என்று ஏறிய குடும்பங்கள் ஆசியா மாகாணத்தில் பல.

லியோனில் கி.மு. 12-இல் டைபீரியஸின் தம்பி டுருசுஸ் தொடங்கிவைத்த, கோல் நாட்டின் மூன்று மாகாணங்களுக்கான பலிபீடத்துக்கு முதல் பூசகர் காயுஸ் ஜூலியுஸ் வெர்கொண்டரிடுப்னுஸ். முன்பாதி ரோமப் பெயர், பின்பாதி கோல் நாட்டுப் பெயர். 60 இனக்குழுக்களின் பெயர்கள் அந்தப் பீடத்தில் பொறிக்கப்பட்டிருந்ததாக ஸ்டிராபோ எழுதுகிறார். நார்போவில் கிடைத்த வெண்கலச் சட்டத் துண்டு, மாகாணப் பூசகரின் மனைவி விழா நாளில் வெள்ளை அல்லது ஊதா உடை அணியலாம் என்கிறது. செலவு போக மிஞ்சிய பணத்தைப் பேரரசர் சிலைக்கே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது.

இத்தாலியிலும் மேற்கிலும் 'அகுஸ்டாலேஸ்' என்ற குழுக்களில் பணக்கார முன்னாள் அடிமைகள் நிறைந்திருந்தார்கள். பிறப்பால் அவர்கள் நகராட்சிப் பதவி வகிக்க முடியாது. கட்டணம் கட்டி இந்தப் பொறுப்பில் சேர்ந்தால் ஊரில் மதிப்பும் மரியாதை ஆடையும் கிடைத்தன.

சுமை தாங்காமல் கசந்த இடமும் உண்டு. பிரிட்டனின் கமுலோடுனும் நகரில் கிளாடியஸுக்கு எழுந்த கோயிலின் பூசகர் பதவி, உள்ளூர்த் தலைவர்களின் செல்வத்தை உறிஞ்சியது என்று டாசிட்டஸ் சொல்கிறார். கி.பி. 60-61-இல் அரசி பூதிக்காவின் கிளர்ச்சியில் முதலில் எரிந்தவற்றில் அதுவும் ஒன்று. அதன் அடித்தளத்தின் மேல்தான் இன்றைய கோல்செஸ்டர் கோட்டை நிற்கிறது.

பேரரசர் சிலைக்குச் சட்ட மதிப்பு இருந்ததா?

இருந்தது, சில நேரம் தொல்லையாகவே. கொடுமை தாங்காத அடிமை சிலையைக் கட்டிப்பிடித்து அடைக்கலம் கேட்கலாம். அப்படி வந்தவர்களின் புகாரை ஆளுநர் விசாரித்து, கொடுமை உண்மையானால் அவர்களை வேறொருவருக்கு விற்கச் செய்ய வேண்டும் என்று அன்டோனினுஸ் பையுஸ் உத்தரவிட்டார். அடிமைக்கு விடுதலை இல்லை, எசமான் மட்டும் மாறுவார். என்றாலும் சட்டம் கேட்க ஒரு இடம் அது. கி.பி. 21-இல் ஒரு பெண் மோசடி வழக்கில் தோற்ற பிறகு, பேரரசர் உருவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் மீது வழக்குப்போட்ட செனட்டரை வசைபாடினாள். அவளைத் தொட யாருக்கும் துணிவில்லை. கடைசியில் டைபீரியஸின் மகன் டுருசுஸ் அவளைச் சிறையில் அடைத்தார்.

எதிர்த்திசையிலும் வழக்குகள் வந்தன. தோட்டத்தை விற்றபோது அதிலிருந்த அகஸ்டஸ் சிலையையும் சேர்த்து விற்றதாக கி.பி. 15-இல் ஒருவர் மேல் குற்றச்சாட்டு. தெய்வத்துக்கு இழைத்த குற்றத்தைத் தெய்வமே பார்த்துக்கொள்ளும் என்று எழுதி டைபீரியஸ் தள்ளிவிட்டார். ஆனால் கி.பி. 25-இல் அகஸ்டஸ் வழிபாட்டைப் புறக்கணித்ததும், ரோமக் குடிமக்களிடம் வன்முறை காட்டியதும் சேர்ந்து கிசிகுஸ் நகரின் தன்னாட்சியையே பறித்தன.

யூதர்கள் என்ன செய்தார்கள்?

எருசலேம் ஆலயத்தில் தினமும் பேரரசருக்காகத் தங்கள் இறைவனிடம் பலி செலுத்தினார்கள்: ஒரு காளை, இரண்டு ஆட்டுக்குட்டிகள். பேரரசருக்காகச் செய்வதும் பேரரசருக்கே செய்வதும் வேறு வேறு. கி.பி. 40 வாக்கில் வந்த யூதத் தூதுக்குழுவிடம் கலிகுலா இதையே குத்திக்காட்டினார் என்று தூதர்களில் ஒருவரான ஃபிலோ பதிவு செய்கிறார். கலிகுலா தன் சிலையை ஆலயத்தில் நிறுத்த ஆணையிட்டார். சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியுஸ் காலம் தாழ்த்தினார். 41-இல் கலிகுலா கொல்லப்பட்டதால் அந்த ஆபத்து விலகியது. 66-இல் ஆலயத்தில் அந்தத் தினப்பலியை நிறுத்தியது ரோமுக்கு எதிரான போர் அறிவிப்பாகவே அமைந்தது.

பேரரசரை வணங்க மறுத்ததால்தான் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்களா?

பாதி சரி. கி.பி. 111-12 வாக்கில் பித்தினியா ஆளுநர் இளைய பிளினி, கிறிஸ்தவர் அல்ல என்று சொன்னவர்களைச் சோதித்த முறையை டிராஜனுக்கு எழுதினார். தெய்வங்களை அழைக்க வேண்டும், டிராஜன் சிலைக்குக் குந்திரிக்கமும் மதுவும் இட வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். பேரரசர் சிலை அங்கே மற்றத் தெய்வச் சிலைகளோடு வந்தது, தனியாக அல்ல. கி.பி. 249-50-இல் டெசியுஸ் எல்லோரும் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது கேட்கப்பட்டது தெய்வங்களுக்கான பலி. எகிப்தில் கிடைத்த சான்றிதழ்கள் அதையே சொல்கின்றன. பேரரசர் வழிபாடு ஒரு சோதனைக் கருவி. பகையின் வேர், எல்லாத் தெய்வங்களையும் மறுத்ததில் இருந்தது.

மனதார நம்பினார்களா, நடிப்பா?

அந்த இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதில் தவறாகவே வரும். வெஸ்பாசியன் சாகும் தறுவாயில் 'ஐயோ, தெய்வமாகிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது' என்றதாக சுவெட்டோனியுஸ் எழுதுகிறார். கிளாடியஸ் தெய்வமானதைச் செனெகா கிழித்துத் தோரணம் கட்டினார். நோய் தீரப் பேரரசரிடம் வேண்டிக்கொண்ட கல்வெட்டுகள் மிக அரிது. அதற்கு மருத்துவத் தெய்வம் அஸ்க்ளேப்பியோஸ் இருந்தார். ஆனால் பஞ்சமும் உள்நாட்டுப் போரும் பார்த்த தலைமுறைக்கு, அமைதியையும் நீதியையும் தூரத்திலிருந்து தரக்கூடிய, கண்ணில் படாத ஒரு பேராற்றலைத் தெய்வங்களின் வரிசையில் வைத்துப் புரிந்துகொள்வது இயல்பாக இருந்தது. ரோம மதம் நம்பிக்கை அறிக்கை கேட்கவில்லை. சரியான நாளில் சரியான சடங்கைச் செய்தாரா என்றுதான் கேட்டது.

தமிழகத்தில் இதன் தடயம் உண்டா?

உண்டு. கோயம்புத்தூர் வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து இரண்டு வகைகளே மிகுதி. அகஸ்டஸ் காசு அவரை 'தெய்வமானவரின் மகன்' என்கிறது. டைபீரியஸ் காசு 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்கிறது. மிளகு வாங்க வந்த வெள்ளியில் இந்தச் சொற்களும் சேர்ந்தே வந்தன.

இன்னொன்று வரைபடம். பழைய ரோம வழித்தட வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதி வியன்னாவில் உள்ளது. பியூட்டிங்கர் வரைபடம் என்பார்கள். அதில் சேர நாட்டு முசிறிக்கு அருகே ஒரு கட்டடம் வரைந்து 'அகஸ்டஸ் கோயில்' என்று எழுதியிருக்கிறது. கட்டடம் எதுவும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. முசிறியில் தங்கிய மேற்கத்திய வணிகர்கள் தங்களுக்காக எழுப்பியதாக இருக்கலாம் என்பதே பரவலான கருத்து. சேரர் ரோமரின் ஆட்சிக்கு உட்பட்டார்கள் என்பதற்கு இதைச் சான்றாக்க முடியாது.

ஒரு ரோமக் காசைப் பார்த்து, அதிலிருப்பவர் தெய்வநிலை பெற்றவரா என்று எப்படிச் சொல்வது?

எழுத்தைப் பாருங்கள். தலையைச் சுற்றியுள்ள வாசகம் 'டிவுஸ்', 'டிவோ', பெண்ணானால் 'டிவா' என்று தொடங்கினால் அது இறந்தபின் வெளியிட்டது. மறுபக்கம் 'கொன்செக்ராட்டியோ' (தெய்வமாக்கல்) என்ற சொல், கழுகு, அடுக்குச் சிதை, பலிபீடம், அரசிக்கு மயில் ஆகியவை வரும். கி.பி. 250 வாக்கில் அகஸ்டஸ் முதல் செவெருஸ் அலெக்சாண்டர் வரை 11 பேரரசர்களுக்கு இப்படி ஒரு வரிசையே வெளியிட்டார்கள்.

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. 'டிவி எஃப்' என்று பெயருக்குப் பின் வந்தால், தெய்வமானவர் காசிலிருப்பவரின் தந்தை, அவரல்ல. கதிர்கள் கொண்ட கிரீடமும் குழப்பும். தொடக்கத்தில் அது தெய்வமான அகஸ்டஸின் அடையாளம். நீரோ காலத்திலிருந்து 'டுபொண்டியுஸ்' என்ற இரட்டை மதிப்புப் பித்தளைக் காசுக்கும், மூன்றாம் நூற்றாண்டில் இன்னொரு வெள்ளிக் காசுக்கும் மதிப்பைக் காட்டும் குறியாகிவிட்டது. கதிர்க் கிரீடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இந்த வழிபாடு எப்போது முடிந்தது?

கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவரான அன்றே முடியவில்லை. 330-களில் இத்தாலியின் ஹிஸ்பெல்லும் நகரம் அவர் குடும்பத்துக்குக் கோயில் கட்ட அனுமதி கேட்டது. கட்டலாம், ஆனால் மூடநம்பிக்கையின் கறை படக்கூடாது என்று பதில் வந்தது. கோயில், ஆண்டு விழா, விளையாட்டு, பூசகர் எல்லாம் இருக்கலாம். பலி கூடாது என்றே இதைப் பொருள்கொள்கிறார்கள். 337-இல் இறந்த கான்ஸ்டன்டைனையும் காசுகள் 'டிவுஸ்' என்றே குறித்தன. முக்காடிட்ட அவர் தேரில் ஏற, மேலிருந்து ஒரு கை நீண்டு அவரைப் பற்றிக்கொள்வதாக மறுபக்கத்தில் சித்திரம். பலிக்கு எதிரான சட்டங்கள் நான்காம் நூற்றாண்டின் இறுதிக்குள் கடுமையாகி, எருதும் காளையும் பீடத்துக்கு வருவது நின்றது. பூசகர் பட்டங்கள் விளையாட்டு நடத்தும் பொறுப்போடு சில மாகாணங்களில் ஐந்தாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. ஆப்பிரிக்காவில் அவற்றை ஏற்றவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.